நீலக் கவரும் சாம்பல் கவரும்

"இதையெல்லாம் நம்ம குளிக்கிற வாளியிலயா ஊற வெச்சிருக்கே?"

குளியலறை வாசலில் பல்துலக்கும் பிரஷ் வாயிலிருக்க கணவர் நின்றார். உதட்டோரம் நுரை வழிந்தது. பற்பசை நுரை எது, கோப நுரை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

உள்ளே முக்காலியில் குந்தியிருந்த அவள் நிமிரவில்லை. வாளி நிறையச் சோப்புத் தண்ணீர். அதில் ரப்பர் கவர்கள் மிதந்தன. பள்ளிக்கூட நூலகத்தில் பிள்ளைகள் பாடம் பார்க்கிற தொடுதிரை டேப்களுக்குப் போடும் கவர்கள். பாதி நீலம், பாதி சாம்பல். வருஷம் முழுக்கப் பிள்ளைகள் கை பட்டு விளிம்பெல்லாம் அழுக்கேறியிருந்தது. விடுமுறையில் கழுவிப் போட்டுவிடலாம் என்று பையில் அள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

"ரப்பர்தானேங்க. கழுவினா போயிடும்."

"எது போயிடும்?"

அவள் ஒரு கவரை எடுத்து விளிம்பைத் தேய்த்தாள்.

"சாம்பல் கலர் அந்தக் கிடங்குப் பிள்ளைங்களோடது. நீதானே சொன்னே? நீதானே பெருமையா வந்து சொன்னே? பிரிச்சதும் நீ, ஒரே வாளியில ஊறப்போடறதும் நீயா?"

மின்சார அலுவலகத்தில் வேலை பார்க்கும் மனுஷர். எந்தக் கம்பியை எதோடு சேர்க்கக் கூடாது என்பதில் கறார். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் இன்னும் சுருக்கென்றது.

ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் சமையலறையிலிருந்து தலையை நீட்டினாள். "அம்மா, கலர் கலராப் பிரிச்சது எதுக்குன்னு நீ சொன்னே? சார்ஜ் போட வசதின்னு தானே சொன்னே?"

"ஆமா, சார்ஜுக்குத்தான். போய் வேலையப் பாரு."

மகள் போகவில்லை. அந்த வயசில் போகச் சொன்னால் யார் போகிறார்கள்.

இவளுக்கு அந்தக் குடியிருப்பில் சமாதானம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததில்லை, அக்கம்பக்கம் வைத்தது. மாடிப்படியில் செருப்பு விடுகிற சண்டை, மோட்டார் போடுகிற சண்டை, வண்டி நிறுத்துகிற சண்டை, எதுவானாலும் நடுவில் போய் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுவாள். யாருக்கும் நியாயம் கிடைக்காமல் எல்லோருக்கும் நிம்மதி கிடைக்கும்படி முடித்துவைப்பாள். அதற்கு ஒரு தனிச் சாமர்த்தியம் வேண்டும். அந்தச் சாமர்த்தியம்தான் நூலகத்திலும் வேலை செய்தது.

கதை இதுதான். பள்ளிக்கூடத்துக்கு யாரோ ஒரு புண்ணியவான் டேப்கள் வாங்கித் தந்தார். எல்லாம் ஒரே அளவு, ஒரே கறுப்பு, ஒட்டிப் பிறந்தவை மாதிரி. வகுப்பறைக்கு வேண்டும்போது எடுத்துப் போகலாம், மற்ற நேரம் நூலகத்தில் இருக்கும், பொறுப்பு சமாதானத்துக்கு. அந்தப் பள்ளியில் இரண்டு விதப் பிள்ளைகள். அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைகள் ஒரு பக்கம். ஊர்க் குப்பையெல்லாம் வந்து சேர்கிற கிடங்குக்குப் பின்னால் இருக்கிற வரிசை வீட்டுப் பிள்ளைகள் இன்னொரு பக்கம். அந்த வரிசையில் பெரும்பாலும் குப்பை தரம் பிரிக்கிற வேலை. பிளாஸ்டிக் தனி, கண்ணாடி தனி, தகரம் தனி. அடுக்குமாடி வீடுகள் முந்தின நாள் கட்டிக் கீழே வைத்த பையை மறுநாள் அவிழ்ப்பது அவர்கள்தான். தன் வீட்டுக் குப்பையை அடுத்தவர் தொட்டால் குப்பை போய்விடும், தொட்டவர்தான் அழுக்காகிவிடுவார். இந்தக் கணக்கு உலகத்தில் எங்கே போனாலும் மாறுவதில்லை போலிருக்கிறது.

டேப் வந்த புதிதில் எல்லோரும் கலந்துதான் உட்கார்ந்தார்கள். ஒரு டேப்புக்கு இரண்டு தலை. அப்போதுதான் டாக்டரம்மா வந்தாள்.

டாக்டரம்மா டாக்டர் இல்லை. பல் டாக்டருடைய மனைவி. ஆனால் காய்ச்சலிலிருந்து கால் ஆணி வரை எதற்கும் மருந்து சொல்வாள். பெற்றோர் சங்கத்துக்கும் அவள்தான் தலைவி. நூலகத்துக்குள் வந்தவள் ஒரு டேப்பை எடுத்தாள், மூக்கருகே கொண்டுபோனாள், கண்ணை மூடினாள்.

"ஒரு வாடை வருது லைப்ரரி மிஸ். நான் யாரையும் குத்தம் சொல்லலை. பாவம், அந்தப் பிள்ளைங்க என்ன பண்ணும். ஆனா ஆரோக்கியம்னு ஒண்ணு இருக்கில்ல?"

தலைமையாசிரியைக்கு ஓய்வு பெறக் கொஞ்ச காலம்தான் பாக்கி. "பாரும்மா, நீ ஏதாவது பண்ணு. ஆனா எழுத்துல ஒண்ணும் வேண்டாம். நாளைக்கு ஒருத்தர் கேட்டா நம்மகிட்ட ஒண்ணும் இருக்கக் கூடாது" என்றார்.

சமாதானம் ஒரு ராத்திரி யோசித்தாள், கவர் வாங்கி வந்தாள். நீலம் குடியிருப்புக்கு, சாம்பல் கிடங்கு வரிசைக்கு. யாரையும் போ என்று சொல்லவில்லை, தள்ளி உட்கார் என்று சொல்லவில்லை. நிறம் மட்டும்தான். கூடவே ஒரு சின்ன ஒழுங்கு: சாம்பல் டேப் எடுக்கிற பிள்ளைகள் திருப்பித் தரும்போது, சுவரில் ஆணியில் தொங்கும் மஞ்சள் துணியால் துடைத்துவிட்டுத் தர வேண்டும். நீலத்துக்கு அந்த வேலை இல்லை. "நல்ல பழக்கம் பிள்ளைங்களா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே துடைத்தார்கள்.

எல்லோருக்கும் நிம்மதி. டாக்டரம்மா கூட்டத்தில் அவளைப் பாராட்டினாள். அவளுக்குக் கைத்தட்டலும் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு மாலையும் அந்த மஞ்சள் துணி கண்ணாடி மேல் கீச் கீச்சென்று தேயும்போது அவள் முகம் ஏனோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

இனி வாளிக்கு வருவோம்.

கணவர் நகர மாட்டேன் என்று நின்றதில், அவள் அரக்கப் பரக்க எல்லாக் கவரையும் அலசி, வாளியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, அவர் கண்ணுக்கு முன்னால் கிருமிநாசினியும் ஊற்றினாள். விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கு முன் கவர்ப் பையோடு நூலகத்துக்குப் போனாள். அலமாரியைத் திறந்தாள். அப்போதுதான் உறைத்தது.

உள்ளே டேப்கள் அம்மணமாக அடுக்கியிருந்தன. ஒட்டிப் பிறந்தவை. முதுகில் எண் இருக்கிறது, ஆனால் எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுத்தில் வேண்டாம் என்பதுதானே ஏற்பாடு.

ஒன்றை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், மோந்தும் பார்த்தாள். சோப்பு வாசனை தன் கையிலிருந்து வந்தது. வேறொன்றும் இல்லை.

கைக்கு வந்ததை எடுத்து, கைக்கு வந்த கவரைப் போட்டாள். பாதி நீலம், பாதி சாம்பல். அலமாரியைப் பூட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை.

பள்ளி திறந்தது. வானம் இடிந்து விழும் என்று கொஞ்ச நாள் காத்திருந்தாள். விழவில்லை. பெற்றோர் வந்து பார்க்கிற நாளில் டாக்டரம்மா ஒரு நீல டேப்பை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"பார்த்தீங்களா? பிரிச்சப்புறம் என்ன சுத்தம். என் பையனுக்கு விரல்ல அரிச்சுக்கிட்டே இருந்துச்சு, இப்ப சுத்தமா நின்னுபோச்சு."

சிரிப்பு வந்தது சமாதானத்துக்கு. கூடவே அழுகையும் வந்தது. எதுவும் வெளியே வராதபடி இருமிக்கொண்டாள். அன்றைக்கே கவர்களைக் கழற்றி எறிந்திருக்கலாம். வாடை என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அவள் எறியவில்லை. தெரியாமல் செய்தால் தப்பு. தெரிந்த பிறகும் மாலை நாலு மணிக்கு மஞ்சள் துணியை ஆணியிலிருந்து எடுத்து நீட்டினால் அதற்கு என்ன பெயர்? அதை அவள் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டாள். பதில் சொல்லாமல் தப்பிப்பதில் அவள் பழக்கப்பட்டவள்.

சாம்பல் டேப்காரர்களில் ஒரு பெண் இருந்தாள். எட்டாம் வகுப்பு. எதற்கும் ஒரு கேள்வி, கேள்விக்கு ஒரு துணைக்கேள்வி. பிள்ளைகள் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய ஊரில் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு நுழைவுத் தேர்வு வரப்போகிறது. பயிற்சிப் பாடமெல்லாம் டேப்பில்தான். அவள் வீட்டில் இருந்த ஒரே போன் பொத்தான் போன். ஆகவே மணி அடித்ததும் ஓடி வருவாள், கதவைப் பூட்டும் வரை குனிந்த தலை நிமிராமல் கணக்குப் போடுவாள், பிறகு மற்ற யாரையும்விட அழுத்தித் துடைத்துத் தருவாள்.

"ஏண்டி, கண்ணாடி தேஞ்சு போயிடப் போகுது" என்பாள் சமாதானம்.

"நாங்க சரியாத் துடைக்கலைன்னு யாரும் சொல்லிடக் கூடாதுல்ல மிஸ்" என்பாள் வக்கீல்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மா மகனுக்குக் கண் ஒட்டிக்கொண்டது. காலையில் எழுந்தால் இமை பிரியவில்லை, உள்ளே மிளகாய்ப் பழம் மாதிரிச் சிவப்பு. மறுநாள் அவன் பக்கத்துப் பையனுக்கு. அதற்கும் மறுநாள் பக்கத்து வரிசைக்கு. குடியிருப்பு முழுக்கக் கறுப்புக் கண்ணாடி போட்ட பிள்ளைகள் நடமாடினார்கள். கண்வலி நாலு நாளில் போய்விடும், காரணம் தேடுகிற வியாதி போகுமா?

"அந்த டேப்தான்" என்றாள் டாக்டரம்மா. "கவர் வேற வேறயா இருந்தா போதுமா? எல்லாம் ஒரே அலமாரி. கிருமி நடந்தா போகும்? பறந்து போகும்."

தலைமையாசிரியை சமாதானத்தைக் கூப்பிட்டார். "கூட்டம் போட்டுப் பேசி முடிவெடுக்கிற வரைக்கும் அந்தப் பிள்ளைங்களுக்கு டேப் வேண்டாம்மா. புத்தகம் இருக்கில்ல, படிக்கட்டும்."

அன்று மாலை வக்கீல் நூலக வாசலில் நின்றாள். சமாதானம் கதவை அகலத் திறக்காமல், உடம்பால் இடைவெளியை அடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். இதமாகத்தான் சொன்னாள். எல்லாவற்றையும் இதமாகச் சொல்வதுதானே அவள் தொழில்.

வக்கீல் கேட்டுக்கொண்டாள். யோசித்தாள்.

"மிஸ், எங்க வரிசையில ஒருத்தருக்கும் கண்வலி வரலையே?"

"அது இல்லடா கண்ணு..."

"வராதவங்ககிட்டேருந்து எப்படி மிஸ் வந்தவங்களுக்கு வரும்?"

கேள்வி வாசலிலேயே நின்றது. பெண் போய்விட்டாள். தேர்வுக்கு என்ன செய்வாய் என்று சமாதானம் கேட்க நினைத்தாள். கேட்டால் பதில் வரும், வந்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை.

ராத்திரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். மகள்தான் போட்டுடைத்தாள். "டாக்டரம்மா பையன் நீச்சல் குளத்துல கண்ணைத் திறந்துக்கிட்டே முங்கினான்மா. அங்கேருந்துதான் பிடிச்சுட்டு வந்தான். எங்க கிளாஸுக்கே தெரியும்."

"அப்புறம் ஏண்டி யாரும் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே."

கணவர் தட்டிலிருந்து தலை தூக்கினார். "உனக்கெதுக்கு ஊர் வம்பு? கூட்டத்துல வாயத் திறக்காம உக்காந்துட்டு வா. நம்ம பொண்ணும் அங்கதான் படிக்கிறா."

கூட்டம் நூலகத்திலேயே நடந்தது. பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கிடங்கு வரிசையிலிருந்து யாரும் வரவில்லை. கூட்டத்தை வேலை நேரத்தில் வைத்தால் எப்படி வருவார்கள்? வராதது அக்கறை இல்லாததற்கு அடையாளம் என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

டாக்டரம்மா எழுந்தாள். கையில் ஒரு நீல டேப், எடுத்துக்காட்டுக்கு. "நான் யாரையும் குத்தம் சொல்லலை" என்று தொடங்கினாள். அப்படித் தொடங்கினால் முடிவு எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். "இந்த நீலத்தை நம்ம பிள்ளைங்களுக்கு வெச்சுக்கலாம். சாம்பலை மொத்தமா எடுத்துடலாம். லைப்ரரி மிஸ்ஸே சொல்லட்டும், பிரிச்சப்புறம் எவ்வளவு நல்லா இருந்துச்சு? சொல்லுங்க மிஸ்."

எல்லாத் தலையும் திரும்பியது. வழக்கம்போல் இரண்டு பக்கமும் தலையாட்ட வேண்டிய நேரம். ஆனால் இன்னொரு பக்கம் அங்கே இல்லை. தலையை எந்தப் பக்கம் ஆட்டினாலும் ஒரே பக்கம்தான். வாசலில் நின்ற அந்தக் கேள்வி மட்டும் இன்னும் போகவில்லை.

"பிரிக்கலைங்க" என்றாள்.

"என்ன?"

"கலந்துபோச்சு. லீவுல கவரைக் கழுவ எடுத்துட்டுப் போனேன். திரும்ப மாட்டும்போது எது எதுன்னு தெரியலை. கைக்கு வந்தபடி போட்டுட்டேன்."

டாக்டரம்மா கையிலிருந்த டேப்பைத் திருப்பிப் பார்த்தாள்.

"எப்பலேருந்து?"

"பள்ளிக்கூடம் திறந்ததுலேருந்து."

"அப்ப எங்க பிள்ளைங்க இத்தனை நாளா..."

"ஆமாங்க. நீங்களும்தான். அன்னிக்கு மோந்து பார்த்து நல்லா இருக்குன்னீங்களே."

பின்வரிசையில் யாரோ சிரித்து, அதை உடனே தும்மலாக மாற்றிக்கொண்டார். டாக்டரம்மா கையிலிருந்த டேப்பை மெல்ல மேசையில் வைத்தாள். கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்தாள்.

"எது எதுன்னு எழுதி வெச்சிருப்பீங்கல்ல?" என்றார் தலைமையாசிரியை அவசரமாக.

"எழுத்துல வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க பெரிய மிஸ்."

நியாயமாகப் பார்த்தால் கூட்டம் அந்த இடத்தில் வெட்கப்பட்டிருக்க வேண்டும். மாதக்கணக்கில் தொட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்று யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம். ஊரில் அப்படி நடந்ததாகக் கேள்வியில்லை. கூட்டம் வேறு முடிவெடுத்தது. அத்தனை டேப்பும் கெட்டுப்போயின, ஆகவே குடியிருப்புப் பிள்ளைகள் இனி ஒன்றையும் தொட மாட்டார்கள், அவரவர் வீட்டிலிருந்தே கொண்டுவருவார்கள். கிடங்குப் பிள்ளைகள் வேண்டுமானால் அத்தனையையும் வைத்துக்கொள்ளட்டும்.

"நல்லதாப் போச்சு. பிரச்சினை தீர்ந்துச்சு" என்றார் தலைமையாசிரியை.

குடியிருப்பில் அவள் பெயர் ஒரே வாரத்தில் மாறியது. சமாதானம் போய்க் கலகம் ஆனாள். மோட்டார் சண்டைக்கு இப்போது யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. கணவர் மகளுக்குத் தன் பழைய போனைத் துடைத்துக் கொடுத்து, "இதுல படி, அங்க ஒண்ணையும் தொடாதே" என்றார். மனைவியிடம் உப்பு வேண்டும், தண்ணீர் வேண்டும் என்பதைத் தாண்டிப் பேசவில்லை.

கிடங்கு வரிசையில் கதையே வேறு. வேண்டுமென்றே கலந்துவிட்டாள், கூட்டத்தில் எழுந்து நின்று முகத்துக்கு நேரே சொன்னாள் என்று அங்கே பேச்சு. வழியில் பார்க்கிற பெண்கள் கையுறையைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தாள். அவர்களிடம் நின்று, நான் கலக்கவில்லை, கலந்துபோனது, அதற்கு முன்னால் பிரித்ததே நான்தான் என்று எப்படிச் சொல்வது? வசவைத் தாங்கிக்கொள்ளத் தெரிந்திருந்தது. கும்பிடு தாங்கவில்லை.

மகள் ஒருநாள் நேராகவே கேட்டாள். "அம்மா, நீ கலந்தியா, கலந்துபோச்சா?"

"கலந்துபோச்சு" என்றாள். பொய் சொல்லியிருந்தால் மகள் கட்டிக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது.

மறுநாள் கவர்களையெல்லாம் கழற்றினாள். ஒரு பையில் திணித்து, மேலே பழைய செய்தித்தாளைப் போட்டு மூடி, பள்ளிக் குப்பைத் தொட்டியின் அடியில் வைத்தாள். பிணத்தைப் புதைக்கிறவள் மாதிரிச் சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். கையைத் தட்டிக்கொண்டு வந்தபோது, பாரத்தில் பாதியாவது இறங்கிவிட்டதுபோல் இருந்தது.

குப்பை எங்கே போகும் என்பதை அவள் மறந்துபோனாள். தொட்டியில் போடுகிறவர்களுக்கு எப்போதும் மறந்துபோகிற விஷயம் அது.

இரண்டு நாள் கழித்து மாலை. நூலகத்தில் கிடங்கு வரிசைப் பிள்ளைகள் ஆளுக்கொரு டேப்போடு உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை தாராளம் அவர்களுக்குப் பழக்கமில்லை. சிலர் இன்னும் இரண்டு பேராக ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வக்கீல் உள்ளே வந்தாள். இரண்டு கையிலும் இரண்டு துணி மூட்டை. மேசைமேல் வைத்தாள்.

"மிஸ், உங்க கவரெல்லாம் குப்பையில வந்துடுச்சு. யாரோ தெரியாமப் போட்டுட்டாங்க போல. எங்கம்மா பார்த்து எடுத்து வெச்சாங்க. சோப்புப் போட்டுக் கழுவியாச்சு. வெயில்ல காய வெச்சாச்சு."

சமாதானம் மூட்டைகளைப் பார்த்தாள்.

"ஏன் ரெண்டா கட்டியிருக்கு?"

"இது நீலம், இது சாம்பல். போன தடவை கலந்துபோயி உங்களுக்கு ரொம்பக் கஷ்டமாயிடுச்சுல்ல? அதான் அம்மா தனித்தனியா கட்டித் தந்தாங்க." வக்கீலின் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பிரிக்கிறது எங்கம்மாவுக்கு தினம் பண்ற வேலைதானே மிஸ். ஒண்ணுகூட மாறியிருக்காது."

பிள்ளைகள் தலை தூக்கிப் பார்த்தார்கள். சமாதானம் எழுந்தாள். இரண்டையும் அவிழ்த்து ஒன்றாகக் கொட்டிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. இந்தத் தடவை கலந்துபோகக் கூடாது, தானே கலக்க வேண்டும். நீல மூட்டையின் முடிச்சைப் பிடித்து இழுத்தாள். வேலைக்காரக் கை போட்ட முடிச்சு. நகம் மடிந்ததே தவிர அது அசையவில்லை.

வக்கீல் அதைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் போனாள். அங்கே ஆணியில் மஞ்சள் துணி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கவரைத் தூக்கி எறிந்தவளுக்கு அதை எடுக்கத் தோன்றவே இல்லை. வக்கீல் அதில் தன் இரண்டு கையையும் விரலிடுக்கு விடாமல் அழுத்தித் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நான் தொட்டு அவிழ்க்கட்டுமா மிஸ்?"